‘மே’ வேறு, ‘ஷல்’ வேறு!

பள்ளியிலே ஆங்கில இலக்கணம் பயின்ற நாளில் நம்மைப் பெரிதும் அலைக்கழித்தவை ‘ஷல்’, ‘வில்’, ‘மே’, ‘கேன்’ என்னும் துணைவினைகள்தாம். பார்வைக்குச் சின்னஞ்சிறு சொற்கள்; ஆசிரியரின் பிரம்புக்கோ ஓயாத வேலை! எதிர்காலத்தைக் குறிக்கத் தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’ என்பார். இடம் மாற்றி எழுதிவிட்டால்? தன்மையிலே வரும் ‘வில்’ மன உறுதியைக் காட்டும். படர்க்கையிலே வரும் ‘ஷல்’ ஆணையாகிவிடும்! ஜான் வாலிஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1653-ல் இலத்தீனிலே எழுதிய ஆங்கில இலக்கணத்தில் உள்ள விதி அது. இன்று ஆங்கிலேயரே பேச்சில் அதை அவ்வளவாக மதிப்பதில்லை. அடி வாங்கியவர்கள் நாம்!

ஆனால் ஓரிடத்தில் அந்த ஆணைக்குரல் ஓயவில்லை. அந்த இடம் சட்டப் புத்தகம். அங்கே ‘ஷல்’ என்றால் செய்தே தீரவேண்டும். ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். ‘அறுவடை முடிந்ததும் கூலிநெல் அளந்து தர வேண்டும்’ என்பதற்கும், ‘அளந்து தரலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் களத்துமேட்டிலே காத்து நிற்கும் உழவனிடம் கேளுங்கள். இலக்கணம் படிக்காமலே சொல்வான்!

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? இந்த இரு வினைகளையும் ஒன்றென்று சொல்லி, ஒரு நாட்டின் நாடாளுமன்றத்திலேயே வாதிட்ட வரலாறு நமக்கு உண்டு என்பதால்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவைப் புரட்டுவோம். ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்று சொல்லும் முதல் உட்பிரிவிலே உள்ள வினை ‘ஷல்’. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படும் என்று சொல்லும் இரண்டாம் உட்பிரிவிலும் ‘ஷல்’. அந்தப் பதினைந்து ஆண்டுகள் 1965 சனவரி 26-ல் முடியவிருந்தன. அதற்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்வதற்கென்று 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவிலே இருந்ததோ ‘மே’! தொடர வேண்டும் என்றிருந்த இடத்திலே, தொடரலாம் என்று வந்து அமர்ந்துகொண்டது.

மாநிலங்களவையிலே அறிஞர் அண்ணா இதைச் சுட்டிக்காட்டினார். இந்த இடத்தில் ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் பொருள் ஒன்றுதான் என்பது பிரதமர் நேருவின் வாதம். பொருள் ஒன்றேயானால், ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதில் என்ன இழப்பு? மூன்றெழுத்துச் சொல்லை எடுத்துவிட்டு ஐந்தெழுத்துச் சொல்லை வைக்க மையா போதவில்லை?

சிற்சில வேளைகளில், இடமறிந்து, ‘மே’ என்பதற்கும் கட்டாயம் என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டதுண்டு. மறுக்கவில்லை. ஆயின், எழுதும்போதே தெளிவாக எழுதக்கூடிய ஒரு உரிமையை, வழக்காடிப் பெற்றுக்கொள் என்று விட்டுவைப்பது எந்த ஊர் நியாயம்? நேருவின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. 1964 மே 27-ல் அவர் மறைந்தார். வாக்குறுதி தந்தவர் போய்விட்டார். ஏட்டிலே எஞ்சி நின்றது அந்த ‘மே’ ஒன்றுதான்!

அடுத்த ஆண்டு தமிழகத்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. ஒரு சொல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. சொல்லுக்காக அல்ல ஐயா! அஞ்சல் தேர்விலும், இரயில்வே வேலையிலும், தில்லியிலிருந்து வரும் ஓலையிலும் தம் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லிலேதான் விடை இருந்தது.

கடைசியில், 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ‘ஷல்’ என்னும் சொல்லை உள்ளே கொணர்ந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்பட்டே ஆகவேண்டும் என்றாயிற்று. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி அந்த ஏற்பாடு நீங்காது.

பள்ளி ஆசிரியர்களிடம் நமக்கொரு வேண்டுகோள் உண்டு. துணைவினைப் பாடம் நடத்தும் நாளில், அந்த மூன்றாம் பிரிவைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டுங்கள். 1963-ல் எழுதிய ‘மே’ அதன் முதல் உட்பிரிவிலே இன்றும் இருக்கிறது. அதன் கீழே, பின்னர் சேர்த்த வரியிலே, ‘ஷல்’ காவல் நிற்கிறது.