கோதுமை ஊரில் கோதுமை இல்லாமல்



விடுமுறைப் பயண இதழுக்காக உங்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். விசா, விமானக் கட்டணம், எந்த மாதத்தில் எங்கே குளிர் என்று வந்த கடிதங்களுக்கெல்லாம் உள்பக்கங்களில் பதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் இந்தப் பக்கத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியது. கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சீலியாக் நோய். குடும்பத்தோடு ரோம் போக ஆசை. “பாஸ்தாவும் பீட்சாவுமே சாப்பாடு என்றிருக்கும் ஊருக்கு இவளை எப்படிக் கூட்டிப்போவது? பேசாமல் ஜப்பானுக்குப் போய்விடலாமா? அங்கே அரிசிச் சோறுதானே?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, ரோமுக்கே போங்கள். என் அக்கா மகளுக்கும் இதே நோய். அவளோடு அந்த ஊர்த் தெருக்களில் நடந்து, அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நோயைப் பற்றி அறியாதவர்களுக்காக நாலு வரி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்துபோகின்றன. மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதுதான் சிகிச்சை. எவ்வளவு விலக்க வேண்டும் என்பதில்தான் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் கார்லோ கட்டாசியின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலில் பாதிப்பு தெரிந்தது. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பதில் அது மிகச் சிறிய பங்கு. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரொட்டித் துகள்கள் போதும். “ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது” என்று அன்போடு ஊட்டிவிடும் நம் அத்தைகளும் சித்திகளும் இதைத் தயவுசெய்து படிக்க வேண்டும்.

இப்போது ஜப்பான். அங்கே சோறு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் சோற்றின்மேல் ஊற்றும் சோயா சாஸ் பெரும்பாலும் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. வறுவல், பொரியல், குழம்பு, மீனின்மேல் தடவும் கரைசல் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடுகிறது. கடைகளில் தண்ணீருக்குப் பதிலாகவே வைக்கப்படும் குளிர்ந்த தேநீர் பல சமயம் வறுத்த பார்லியில் போட்டது. பொட்டல உணவில் கோதுமை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் உண்டு. அந்தக் கட்டாயப் பட்டியலில் பார்லி இல்லை. உணவகங்களுக்கோ அந்தச் சட்டமே பொருந்தாது. அந்நாட்டு மக்களிடையே சீலியாக் மிக அரிது என்பதால், கடைக்காரருக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதே விளங்காமல் போகலாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

இத்தாலியில் நிலைமை நேர்மாறு. மூன்று வேளையும் கோதுமை சாப்பிடும் நாட்டில் கோதுமையால் அவதிப்படுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் கூடி 1979-ல் இத்தாலிய சீலியாக் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2005-ல் நாடாளுமன்றம் இதற்கென்றே 123-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அதன்படி பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகச் சாப்பாட்டுக் கூடங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத உணவு கொடுத்தாக வேண்டும். நோய் உறுதியான குடிமக்களுக்கு அந்த உணவு வாங்க அரசே மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. 2023-ல் இன்னொரு சட்டம் வந்தது: பிள்ளைகள் அனைவருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயோடு சீலியாக்குக்கும் முன்கூட்டியே பரிசோதனை. பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளை இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த பையன்தான் நாளைக்குப் பரிமாறுபவனாக உங்கள் மேஜைக்கு வருகிறான். “சோனோ செலியாகா” என்று என் அக்கா மகள் சொன்னதும் (ஆண்பிள்ளையானால் ‘செலியாகோ’) பல கடைகளில் விளக்கம் கேட்காமலே மேஜையிலிருந்த ரொட்டிக் கூடையை எடுத்துப்போனார்கள். மேஜையில் சிந்திக் கிடந்த துகள்களைத் துடைத்துவிட்டு, புதுக் கரண்டி கொண்டுவந்து வைத்தார்கள். நம் ஊரில் அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த காரியம் அது. அவள் கண் கலங்கியதை நான் கவனிக்காதது போல் இருந்துவிட்டேன்.

ஆகவே, ஊர் என்ன தானியம் சாப்பிடுகிறது என்பதை வைத்துப் பயணத்தைத் தீர்மானிக்காதீர்கள். அந்த ஊரின் அடுக்களைக்கு இந்த நோய் தெரியுமா என்று பாருங்கள்.

தெரிந்த ஊரிலும் கண் மூடிக்கொண்டு சாப்பிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவும் அதுவே. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்ற விதியும் 2014 டிசம்பரிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்த ஒவ்வாமை விதி சமையல் பொருளைப் பற்றிப் பேசுகிறது. ஆபத்து பெரும்பாலும் பாத்திரத்தில் இருக்கிறது. அரிசி மாவு பாஸ்தாதான் என்பார்கள். அதை வேகவைப்பது எதில்? பல கடைகளில் ஒரே பெரிய தொட்டியில் கொதிக்கும் நீரில் நாலைந்து வலைக்கூடைகள் தொங்கும். மற்ற கூடைகளின் கோதுமை கரைந்த நீர்தான் உங்கள் மகளின் கூடைக்குள்ளும் புகுந்து வரும். கொதித்தால் குளூட்டன் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பீட்சாவும் அப்படித்தான். மாவு வேறாக இருந்து, அடுப்பும் பலகையும் துடுப்பும் ஒன்றாக இருந்தால் பலனில்லை. மைதா காற்றில் பறந்துகொண்டே இருக்கும் அறையில் எதைத் தனியாக வைப்பது? தனி அடுக்களை உள்ள கடையோ, கடை முழுவதுமே கோதுமை இல்லாததோ என்றால் நிம்மதி. ரோமில் இரண்டு வகையும் இருக்கின்றன. சங்கம் பயிற்சி கொடுத்துச் சோதித்து அங்கீகரித்த உணவகங்களின் பட்டியல் நாடு முழுதுக்கும் உண்டு. வாசலில் அதன் ஒட்டியைக் காணலாம், செல்பேசிச் செயலியிலும் தேடலாம். ‘சென்ட்சா குளூட்டினே’ (குளூட்டன் இல்லாதது) என்ற பலகை மட்டும் தொங்கினால், உள்ளே போய் “தனியாகச் சமைக்கிறீர்களா?” என்று கேளுங்கள். தயங்கி இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுந்து வருவதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய சில பண்டங்கள் ரோமில் உண்டு. நியோக்கி உருளைக்கிழங்கு உருண்டை என்பார்கள். உருளையோடு கோதுமை மாவும் சேரும். ‘ரோம் பாணி நியோக்கி’ என்றால் முழுக்க முழுக்க ரவை. ஃபார்ரோ என்ற பழந்தானியம் கோதுமையின் உறவே. சால்டிம்போக்கா என்ற இறைச்சித் துண்டை வாணலியில் போடுமுன் மாவில் புரட்டுவது வழக்கம். யூதர் குடியிருப்புப் பகுதியின் புகழ்பெற்ற கூனைப்பூப் பொரியலில் மாவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதே எண்ணெயில் ரொட்டித் தூள் பூசிய சுப்ளி உருண்டையும் பொரிந்திருக்கும். எனக்குப் புதிதாகத் தெரிந்தது காப்பிக் கடை விஷயம். வறுத்த பார்லியில் போடும் ‘ஓர்சோ’ என்ற பானத்தை இத்தாலியர்கள் காப்பிக்கு மாற்றாகக் குடிக்கிறார்கள். சில கடைகளில் இயந்திரத்தில் காப்பிப் பொடி வைத்து இறக்கும் அதே பிடியில் அதையும் இறக்குவார்கள். தனிப் பிடி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. ஐஸ்கிரீம் கடையில் கோன் வேண்டாம், கிண்ணம் போதும். கரண்டியைக் கழுவி, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அங்காடியில் இன்னொரு குழப்பம் வரும். குளூட்டன் இல்லாத ரொட்டிப் பொட்டலத்தின் பின்புறம் ‘கோதுமை மாவுச்சத்து’ என்று போட்டிருக்கும். புரதத்தைக் கழுவி நீக்கிய மாவுச்சத்து அது. 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருப்பதால் சீலியாக் உள்ளவர்கள் சாப்பிடலாம். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கூடாது. இரண்டும் வேறு வேறு நோய்கள். ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா எல்லாம் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும்.

வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றால் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குயிலினோ சந்தை இருக்கிறது. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் வரை வாங்கலாம். தங்குமிடத்துப் பழைய வடிகட்டியையும் மரக்கரண்டியையும் தொடாமல், சின்னதாக ஒரு பாத்திரமும் கரண்டியும் கொண்டுபோய்விடுங்கள். பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணப்பையில் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. ஆகவே நெய் வேண்டாம்.

இந்த இடத்தில் நம் சமையலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் இந்திய உணவகத்தைக் கண்டதும் “அப்பாடா, தோசை!” என்று உள்ளே ஓடுகிறோம். ரவா தோசை வார்த்த கல்லில்தான் அந்தத் தோசையும் வேகும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரியும். இதையெல்லாம் விட ஓசையில்லாமல் உள்ளே நுழைவது பெருங்காயம். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் சுத்தமான பிசின் கொஞ்சம்தான்; மீதி மாவு. பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கிறது. ‘அரிசிதானே, பருப்புதானே’ என்று நாம் நிச்சயமாக நம்பும் தட்டிலேயே! வட இந்தியாவோடு பார்த்தால் தென்னிந்தியாவில் சீலியாக் மிகக் குறைவு. அதனால் நம் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் குறைவு. மகளுக்குப் பொடி இடித்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையேல் பெருங்காயமே போடாதீர்கள்.

ரோமுக்குத் திருப்பயணமாகப் போகும் கத்தோலிக்க வாசகர்கள் நிறையப் பேர் உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. கோதுமை அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது என்றும், மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும் 2017-ல் வாட்டிகன் சுற்றறிக்கை நினைவூட்டியது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். குருவானவர் அப்பத்தின் ஒரு சிறு துண்டைத் தம் கிண்ணத்தில் இடுவது வழக்கம் என்பதால், தனிக் கிண்ணம் வேண்டும் என்று திருப்பலிக்கு முன்பே போய்ச் சொல்லிவையுங்கள். பலிபீடத்தருகே வந்து நின்று திகைக்கும்படி விடாதீர்கள்.

விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவுக்கு ஜி.எஃப்.எம்.எல். என்பது குறியீடு. இரண்டு நாட்களுக்கு முன்பாவது பதிவு செய்யுங்கள். அந்தத் தட்டில் இறைச்சி இருக்கக்கூடும். சைவக் குடும்பத்தார் நிறுவனத்திடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எப்படியும் கைப்பையில் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு எப்போதாவது குளூட்டன் தவறி உள்ளே போய்விடலாம். முறிக்கும் மாத்திரை எதுவும் இல்லை. கடைகளில் விற்கும் என்சைம் மாத்திரைகளை நம்பிப் பீட்சா சாப்பிடக் கூடாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், எளிய சோறு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காவிட்டால் மருத்துவர். அன்றைய சுற்றிப்பார்த்தலை ரத்து செய்துவிட்டு ஒருவர் மகளோடு அறையில் இருங்கள்.

குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ‘மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு, கூடவே சமையல்காரர்’ என்று விளம்பரம் வரும். அந்தச் சாப்பாடு ரவா உப்புமா, சப்பாத்தி, கேசரி, சேமியா பாயசமாக இருக்கும். ஒரே கரண்டி எல்லாவற்றிலும் போய் வரும். முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: தனிப் பாத்திரத்தில், மற்றதற்கு முன்னால் சமைப்பீர்களா? என்ன பெருங்காயம்? வெளியே சாப்பிடும் நாட்களில் எந்த உணவகம்? பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தப் பயணம் உங்கள் மகளுக்கானதல்ல. தனியாகப் போங்கள், ரோமில் அது கடினமில்லை. சீலியாக்கோடு வேறு நகரங்களுக்குப் போய்வந்த வாசகர்கள் எங்கே தங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கேள்வி உதவியது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்