எல்லையைத் தொடாத பாதங்கள்



ஏழை எவனும் எழுதக்கூடிய மனு ஒன்று உண்டு. அதற்குத் தாள் வேண்டாம், மை வேண்டாம். இரு கால்கள் போதும். நீதி வேண்டி நெடுந்தொலைவு நடப்போர் அம்மனுவையே எழுதுகின்றனர். எனினும் நாடிழந்தோர் நடக்கும் நடையில் தனியொரு வேதனை உண்டு. யாத்திரிகனுக்குத் தான் நாடிச் செல்லும் தலத்தின் கதவு திறந்திருக்கும் என்ற உறுதி உண்டு. நாடிழந்தவனோ தன் வீட்டுக் கதவு பூட்டிக் கிடப்பதை அறிந்தே நடக்கிறான். அப்படியாயின் ஏன் நடக்கிறான்?

திபெத்து மக்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். 1959 மார்ச் 10 அன்று லாசா நகர மக்கள் சீன ஆட்சியை எதிர்த்துத் திரண்டெழுந்தனர். அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்திய எல்லையைக் கடந்து அடைக்கலம் புகுந்தார். பல்லாயிரவர் அவரைப் பின்தொடர்ந்தனர். இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலா அவர்களுக்குத் தலைமையிடமாயிற்று.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரம் ஒலிம்பிக் விழாவுக்கு அணி செய்துகொண்டிருந்தது. அவ்வாண்டு அதே மார்ச் 10 அன்று, துறவியரும் இளைஞருமாக 100 பேர், திபெத்துக்கே நடந்து திரும்புவோம் என்று தர்மசாலாவிலிருந்து புறப்பட்டனர். காந்தியடிகளின் தண்டி யாத்திரையே அவர்களுக்கு வழிகாட்டி. காங்ரா மாவட்டத்தை விட்டு வெளியேறலாகாது என்று காவல்துறை தடை விதித்தது. மீறி நடந்தவர்கள் மார்ச் 13 அன்று கைதாயினர். இரு நாளில் 44 பேர் கொண்ட மற்றோர் அணி, நின்ற இடத்திலிருந்து நடையைத் தொடர்ந்தது. எல்லையில் சீனப் படையினரோடு மோத நேருமே என்று அஞ்சிய தலாய் லாமாவும் நடையை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார். சிறிது தயங்கியபின் மீண்டும் நடந்தனர். ஜூன் மாதம் எல்லை மாவட்டமான பித்தோராகரில் அவர்கள் தடுத்துக் காவலில் வைக்கப்பட்டனர். தாயகத்து மண்ணை மிதிக்காமலே நடை முடிந்தது.

இங்கே எவரைக் குறை கூறுவது? அரை நூற்றாண்டாக அடைக்கலம் அளித்த நாட்டுக்கு அண்டை நாட்டோடு உறவு பேணும் கடமை உண்டு. தம் மக்களின் உயிரைக் காக்க நினைத்த தலைவரின் முன்மதியும் போற்றத்தக்கதே. ஆயினும் நடந்தவர்களின் தாகத்தைப் பொய்யென்று சொல்ல இயலுமோ? அவர்களிற் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். தம் பெற்றோர் சொல்லக் கேட்டதன்றித் தாயகத்தைக் கண்ணாற் கண்டதில்லை. காணாத வீட்டுக்கு வழி தேடியவர்கள் அவர்கள்.

கடல் கடந்தும் இந்நடை தொடர்ந்தது. தலாய் லாமாவின் மூத்த தமையனார் துப்தென் ஜிக்மே நோர்பு அமெரிக்காவில் பேராசிரியராய் இருந்தவர். எழுபதைக் கடந்த பின்னரும், 1996இல் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு 300 மைல், 1997இல் டொராண்டோவிலிருந்து நியூயார்க்குக்கு 600 மைல் என நடைகளை முன்னின்று நடத்தினார். 2008இல் அவர் மறைந்த பின்னும் மகன் ஜிக்மே நோர்பு நடந்தார். 2011 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவில், 300 மைல் நடையின் தொடக்கத்திலேயே, இருள் சூழ்ந்த நெடுஞ்சாலையோரம் தனியே சென்றவர் வாகனம் மோதி உயிர் நீத்தார். வயது 45.

இத்தனை நடையால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். எல்லை திறக்கவில்லை, ஆட்சி மாறவில்லை. ஆனால் மறதி என்னும் இரண்டாவது சாவிலிருந்து ஒரு மக்களினம் தன்னைக் காத்துக்கொண்டது. பிறரை வருத்தாமல் தன் உடலையே வருத்தி நீதி கேட்பவனைத் தோற்றவன் என்று எப்படிச் சொல்வது? அவன் கேட்ட கேள்வி, அவன் நின்ற பின்னும் சாலையோரத்தில் நிற்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆட்சியாளர் மட்டுமல்லர். பார்த்துக்கொண்டு நின்ற நாமும்தாம்.

நம் தெருவிலும் அயலூரிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குடும்பம் இருக்கலாம். அவர்களுக்கு அரிசியும் துணியும் தருவது நன்று. அதனோடு ஒரு நாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "உங்கள் ஊர் எப்படியிருக்கும்?" என்று கேளுங்கள். பதில் நீளும், பொறுமையோடு கேளுங்கள். அந்நேரம் அவர்கள் தம் ஊருக்குச் சில அடிகள் நடந்து சென்று திரும்பியிருப்பார்கள். நீங்களும் உடன் நடந்திருப்பீர்கள்.