முப்பது பாகையில் ஒரு தொடக்கம்

“எனக்குப் படம் வரைய வராது” என்னும் சொல்லை நம் மாணவரிடையே அடிக்கடி கேட்கிறோம். கவிதையும் பேச்சும் முயன்றால் கைகூடும் என்று நம்புவோர்கூட, ஓவியத்தை மட்டும் பிறவிக் கொடை என ஒதுக்கிவிடுகின்றனர். கணினித் திரையில் வரையும் வாய்ப்பு எளிதாகிவிட்ட இந்நாளிலும் இத்தயக்கம் நீங்கவில்லை. இதனை நீக்கவல்ல வாயில் ஒன்று உண்டு. ‘ஐசோமெட்ரிக்’ எனப்படும் சம அளவுத் தோற்ற ஓவியமே அது என்பது நம் கருத்து.

ஒரு பெட்டியின் மூன்று பக்கங்களும் ஒருசேரத் தெரியுமாறு மேலிருந்து சாய்வாக நோக்குவதாகக் கொள்வோம். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அச்சுகளும் தாளின்மீது ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் அமையும். உயரம் செங்குத்துக் கோடாகும். ஏனைய இரண்டும் கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து செல்லும். மூன்று திசைகளுக்கும் அளவுகோல் ஒன்றே. தொலைவில் உள்ளது சிறுத்துத் தோன்றுவதில்லை. கோடுகள் ஒரு புள்ளியில் சென்று மறைவதும் இல்லை.

இம்முறைக்கு விதிகள் வகுத்து 1822ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். வகுப்பறையில் காட்டும் இயந்திர மாதிரிகளை அவர் பிரித்துப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. எந்த உறுப்பு எங்கே பொருந்தும் என்பது உதவியாளர்க்கு விளங்கவேண்டுமே! அத்தேவைக்கு இம்முறை துணைநின்றது. ஆகவே, திறமையைக் காட்டுவதற்கன்றி, பிறர்க்கு விளங்கச் செய்வதற்கென வளர்ந்த கலை இது எனலாம். இன்று பொறியியல் மாணவர் முதலாண்டிலேயே இதனைப் பயில்கின்றனர். 1982இல் வந்த ‘க்யூபர்ட்’ முதல் 2014இல் வந்த ‘மானுமெண்ட் வேலி’ வரை கணினி விளையாட்டுகளும் இதனை ஏற்றுள்ளன.

தொடக்க நிலையினர்க்கு இது ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. கண் மதிப்பீட்டை நம்பி வரையும் முறையில் தவறு எங்கே நேர்ந்தது என்பதே புதியவர்க்குப் புலப்படாது. இங்கோ விதி தெளிவானது. கோடு பிறழ்ந்தால் உடனே தெரியும். ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்பார்கள். இக்கலைக்கு முக்கோணக் கட்டமே சுவர்.

முதலில் கணினியை நாட வேண்டியதில்லை. முக்கோணக் கட்டமிட்ட தாளில் ஒரு கனசதுரம் வரைக. அதன் புறவெல்லை ஒழுங்கான அறுகோணமாக அமைவதைக் காண்க. பின்னர் அதில் ஒரு பகுதியை வெட்டினால் படிக்கட்டு பிறக்கும். மேலே சாய்வுகளைச் சேர்த்தால் கூரை பிறக்கும். புதியவர் இடறும் இடம் வட்டம். பக்கத்தின்மீது வட்டம் நீள்வட்டமாக மாறும். அதன் நெடிய விட்டம் குறுகிய விட்டத்தைப்போல் ஏறத்தாழ 1.73 மடங்காகும்.

கை பழகியபின் கணினிக்கு வரலாம். ‘இங்க்ஸ்கேப்’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சாய்வுக் கட்டமும் அதிலேயே உண்டு. நேராக வரைந்த சதுரத்தின் உயரத்தை 86.6 விழுக்காடாகக் குறைத்து, 30 பாகை சாய்த்து, 30 பாகை சுழற்றினால் அது பெட்டியின் ஒரு பக்கமாகிவிடும். சாய்வின் திசையையும் சுழற்சியின் திசையையும் மாற்றி மாற்றி அமைத்தால் மற்ற இரு பக்கங்களும் கிட்டும். ஒளி வரும் திசையை முடிவு செய்து, மேற்பக்கத்திற்கு வெளிர்நிறமும், ஒரு பக்கத்திற்கு இடைநிறமும், மறுபக்கத்திற்கு அடர்நிறமும் தீட்டினால் படம் எழுந்து நிற்கும். இதற்கு விலையுயர்ந்த வரைபலகை வேண்டா, சுட்டெலியே போதும். களவாகப் படியெடுத்த மென்பொருளும் வேண்டா. கற்கத் தொடங்கும்போதே பிறர் உழைப்பைக் களவாடுவது கல்விக்கு அழகன்று.

சொற்களைக் கொடுத்தால் நொடியில் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 முதல் பரவிவிட்டனவே, இனிக் கற்பது எதற்கு என்று சிலர் வினவுவர். விதியறியாதவர்க்கு அப்படத்தில் உள்ள பிழை தெரியாது. தெரிந்தாலும் திருத்த இயலாது. கருவி விரைவைத் தரலாம். கண்ணைத் தருவது பயிற்சி மட்டுமே.

இம்முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனித முகத்தின் மெய்ப்பாட்டையோ மரக்கிளையின் நெளிவையோ காட்ட இது போதாது. அருகு எது, தொலைவு எது என்னும் மயக்கமும் இதில் உண்டு. அம்மயக்கத்தையே கலையாக்கி, 1961இல் ‘அருவி’ என்னும் படத்தைப் படைத்தார் எஷர். அவரே 1922இலும் 1936இலும் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குச் சென்று, அதன் சுவர்க் கோலங்களில் உள்ளம் பறிகொடுத்தவர். அத்தகைய கோலங்களில் காணும் அறுமுனை விண்மீனும் அறுகோணமும் இதே முக்கோணக் கட்டத்தில் மலர்பவை என்பதை நம் மாணவர் எண்ணி மகிழலாம்.

கற்றபின் எதை வரைவது? இங்கேதான் தமிழ் மாணவர்க்குரிய கடமை ஒன்று காத்திருக்கிறது. பிறர் வரைந்த அயல்நாட்டு நகரங்களைப் படியெடுப்பதில் பயன் சிறிது. நம் பாட்டனார் வாழ்ந்த வீடுகள் நம் கண்முன்னே இடிபட்டு வருகின்றன. அவற்றோடு திண்ணை, தாழ்வாரம், முற்றம், மாடக்குழி, உத்திரம் என்னும் சொற்களும் வழக்கிழந்து வருகின்றன. புகைப்படம் வீட்டின் முகத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. சம அளவுப் படத்திலோ கூரையை நீக்கி உள்ளே காட்டலாம். மூன்று அச்சுகளிலும் அளவு சிதையாமல் நிற்பதால், பின்வருவோர் அதனை அளந்தே அறியலாம். ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் அதன் பெயரை எழுதிவைத்தால், அப்படமே ஓர் அகராதியாகும். பெயர்களைச் சொல்லித்தர வல்ல முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இருக்கும்போதே கேட்டறிவது நம் பொறுப்பு.

ஆகவே, இவ்விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் அளவு நாடாவும் கட்டத்தாளும் கொண்டு ஒரு பழைய வீட்டிற்குச் செல்வாராக. ஆசிரியர் வழிகாட்டுக, பெரியோர் கதவைத் திறந்துவிடுக. முதற்கோடு கோணலாகலாம். பத்தாவது வீடு நிமிர்ந்து நிற்கும்.