கிரானைட்டுக்குக் காசு இருக்கு, கோணிச்சாக்குக்கு இல்லையா?

வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்கள் ஊரில் வீடு கட்டினால் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கும். வாசலில் கிரானைட், சுற்றிலும் காம்பவுண்டு சுவர், அதற்குள் ஒரு லாப்ரடார். வயசான அம்மா அப்பாவுக்குத் துணையாம். பிள்ளை செய்ய வேண்டிய வேலையை நாய்க்கு அவுட்சோர்ஸ் பண்ணியாச்சு :-)

ஏர்பேட்டில் இருக்கிற எங்கள் மாமா வீட்டிலும் இதே கதைதான். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் இருக்கிற ஊர். வெயில் காலத்தில் தரை கொதிக்கும். மதராஸ் பக்கமிருந்து போய் அங்கே நிலைத்த தமிழ்க் குடும்பம், பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் தாண்டி. நாய்க்கு முன்னங்கால் முழங்கை இரண்டிலும் எலுமிச்சை சைஸில் வீக்கம். வீடியோ காலில் ஆளுக்கொரு வைத்தியம். மஞ்சள் பத்து போடு, சுளுக்கு எண்ணெய் தேய், வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைப் பாதி கொடு. கடைசியில் யாரோ ஊசி போட்டு நீரை எடுத்தார். பத்தே நாளில் வீக்கம் திரும்ப வந்தது, கூடவே சீழும்.

இதற்கு ஹைக்ரோமா என்று பெயர். நாயின் முழங்கை முனையில் சதை கிடையாது, தோலுக்குக் கீழே எலும்புதான். கனமான நாய் கெட்டித் தரையில் தொப்பென்று படுக்கும்போதெல்லாம் அந்த முனை இடிபடுகிறது. தினமும் இடிபட்டால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அங்கே ஒரு நீர்ப்பை கட்டிக்கொள்கிறது. மூட்டுக்கு வெளியே இருக்கிற வீக்கம் இது, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. இதற்கு முதல் மருந்து மெத்தென்ற படுக்கை. இடி நின்றால் சின்ன வீக்கம் சில வாரத்தில் தானே வடியலாம். இடி நிற்காமல் நீரை மட்டும் எடுத்தால் திரும்ப ஊறும், ஊசி போன வழியில் கிருமியும் போகும். புண்ணாகிச் சீழ் பிடித்தால் கத்தி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

"நாய்க்கு மெத்தையா? எங்க காலத்துல நாய் தரையிலதான் படுத்துச்சு, ஒண்ணும் ஆகலை" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஐயா, அந்தத் தரை மண் தரை. வைக்கோல் போர் இருந்தது, அடுப்புச் சாம்பல் மேடு இருந்தது. அந்த நாயும் ஒல்லியான நாட்டு நாய். இன்றைக்கு நீங்கள் வளர்ப்பது 30 கிலோவுக்கு மேல் போகிற, நியூஃபவுண்ட்லாந்துக் குளிர்க் கடலோரத்தில் மீனவர்களோடு வேலை செய்த பரம்பரை. அதற்கு ஏர்பேட்டு மே மாதம். கீழே கிரானைட். தாத்தாவின் நாயோடு அதை ஒப்பிடுவது என்ன நியாயம்?

இன்னொரு வாதம்: "சாக்கு போட்டோம், அது படுக்கலை." சரிதான், படுக்காது. அதற்குப் புழுங்குகிறது, குளிர்ந்த கல்லைத் தேடிப் போகிறது. அதனால் நாலு கால் வைத்த கித்தான் கட்டிலோ, நாடாக் கட்டிலோ போடுங்கள். அடியில் காற்று ஓடும், முழங்கையும் இடிபடாது. மேலே ஒரு ஃபேன். எடையைக் குறையுங்கள், மிச்சச் சோறு எல்லாம் நாய்க்கு என்கிற பாசத்தை நிறுத்துங்கள். வெறுந்தரையில் கட்டிப் போடாதீர்கள்.

எல்லா வீக்கமும் ஹைக்ரோமா இல்லை. அஞ்சாறு மாதக் குட்டி நொண்டினால் மூட்டு வளர்ச்சிக் கோளாறாக இருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். சூடு, வலி, சீழ், நொண்டல் எது இருந்தாலும் கால்நடை மருத்துவர்தான். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பக்கத்தில் இவ்வளவு வைத்துக்கொண்டு அட்லாண்டாவிலிருந்து வைத்தியம் எதற்கு?

மனுஷ வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்கு நல்லது மிருகத்துக்கும் நல்லது என்பது தப்புக் கணக்கு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006ல் இந்தியா அதைக் கால்நடைக்குத் தடை செய்ய வேண்டி வந்தது.

எனக்குக் கோபம் மாமா மேல் இல்லை. எழுபது வயதில், முட்டிவலியோடு அந்த நாயைத் தூக்கி வண்டியில் ஏற்ற அவரால் முடியாது. நாயை அனுப்பி வைத்தவர்கள் அதைத் தூக்க ஒரு ஆளுக்கும், மருத்துவரை வீட்டுக்கு அழைக்கவும் சேர்த்துத்தானே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்? நாய் வாங்கிக் கொடுத்தால் பொறுப்பு கழியாது, கூடும். பெற்றவர்களுக்கு ஒரு நோயாளியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதைத் துணை என்று சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது "சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" வரிசையில் இன்னொன்றும் கேளுங்கள்: நாய் எங்கே படுக்குது? பதில் "தரையில" என்றால், அன்றைக்கே ஒரு கட்டிலுக்குப் பணம் அனுப்புங்கள். வாசல்படி கிரானைட்டின் ஒரு துண்டு விலைகூட ஆகாது.