கையைத் தூக்குங்கள், ஐயா

பக்கவாதம் வராமல் காப்பதற்காகவே கழுத்துத் தமனியைத் திறந்து, உள்ளே படிந்த கொழுப்பை அகற்றுகிறார்கள். அந்த அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தை வருவித்துவிடும் என்பதை, என் பெரியப்பாவுக்கு நாள் குறித்த பின்னரே அறிந்தேன். மருத்துவமனை நீட்டிய ஆங்கிலப் படிவத்தில் அது 'காம்ப்ளிகேஷன்' என்னும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. 'சிக்கல்' என்று தமிழாக்கிச் சொன்னார்கள். சிக்கல் என்றால் நமக்கு நூற்கண்டுதான் நினைவுக்கு வரும். பெரியப்பாவும் அவிழ்த்துவிடலாம் என்றெண்ணியே ஒப்பமிட்டார்.

அறுவை வேண்டாம் என்பதன்று என் வாதம். 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், கடும் அடைப்பும் முன்னறிகுறியும் உடையோருள், மருந்து மட்டும் உண்டவர்களில் 26 விழுக்காட்டினரை இரண்டாண்டுக்குள் அடைப்புள்ள பக்கத்து மூளையில் வாதம் தாக்கியது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 விழுக்காட்டினரை. ஆயினும், அறுவையை ஒட்டியே வாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளானோர் 5.8 விழுக்காடு. இன்று இவ்வெண் குறைந்திருக்கிறது, இல்லாமற் போகவில்லை.

மயக்கம் தெளிந்ததும் செவிலி, "கையைத் தூக்குங்கள், ஐயா" என்கிறார். வலக்கழுத்தில் அறுவை என்றால் இடக்கை. அது எழவில்லையெனில் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு. ஆனால் என்ன செய்வது? தைத்த இடத்திலேயே இரத்தம் உறைந்து தமனியை அடைத்திருந்தால், உடனே தையலைப் பிரித்து அதனை அகற்ற வேண்டும். உறைவுத்துணுக்கு மேலேறி மூளைத் தமனியில் சிக்கியிருந்தால், தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி வெளியே இழுக்க வேண்டும்; 2015இல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்திய முறை இது. உறைவைக் கரைக்கும் ஊசி, புதிய அறுவைப் புண்ணைக் குருதி பெருகச் செய்யும் என்பதால் அதில் தயக்கம் உண்டு. மூன்றாவது காரணமோ நேர் எதிரானது. நெடுநாள் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைக்குள் இரத்தம் திடீரெனப் பாய்ந்து கசிகிறது. இங்கே இரத்த அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். இரத்தத்தை இளக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டியும் வரலாம். எழாத கை ஒன்றுதான். மருத்துவமோ ஒன்றுக்கொன்று பகை. ஸ்கேன் இன்றி வேறுபாடு தெரியாத நிலைகளே மிகுதி.

ஆகவே, நள்ளிரவிலும் ஸ்கேனும் குழாய்ச் சிகிச்சை செய்வோரும் கைக்கெட்டாத மருத்துவமனை இவ்வறுவையை மேற்கொள்வது முறையன்று என்பேன். கையொப்பத்துக்கு முன் நாம் கேட்க வேண்டியதும் அதுவே. நாங்கள் அறை வாடகையைக் கேட்டோம்.

பெரியப்பாவின் கை எழுந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஐந்தாம் நாள் இரவு, அறுவை செய்த பக்கத்தில் கடும் தலைவலி. பெரியம்மா தைலம் தடவினார். தூக்கமின்மை என்றேன் நான், முதுகலைப் பட்டத்தின் தைரியத்தில்! விடியலில் பேச்சு குழறவே கொண்டு ஓடினோம். அழுத்தம் 210. கசிவு ஏற்படவில்லை, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கிக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். தையல் பிரிக்கும் நாள் இருந்தது, மீதித் தொகை இருந்தது. தலைவலி பற்றி ஒரு வரி இல்லை.