வீட்டுத் தறியும் பொது முத்திரையும்

நேர்மையாக நடத்தினால் குடும்பத் தொழில் தானே நிலைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நேர்மை இன்றியமையாததே. ஆயினும் தறியில் அமர்ந்திருப்பவரின் நேர்மை, எங்கோ ஒரு நகரத்தில் துணி வாங்குபவருக்கு எவ்வாறு தெரியும்? இக்கேள்விக்கு விடை கண்ட ஒரு கம்பளித் தொழிலைப் பற்றி அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு நெய்யப்படும் ஹாரிஸ் டுவீட் என்ற கம்பளித் துணி உலகப் புகழ் பெற்றது. வீட்டையொட்டிய கொட்டகையில் தறி வைத்துக் குடும்பத்தார் நெய்கின்றனர். தறியை இயக்குவது மின்விசை அன்று, நெய்பவரின் கால்களே. கம்பளிக்குச் சாயமேற்றி நூற்று, பாவும் ஊடையும் அனுப்புவது தீவிலுள்ள ஆலை. நெய்த துணியைத் துவைத்துப் பதப்படுத்துவதும் ஆலையே. சில குடும்பங்கள் நூலை விலைக்கு வாங்கி, தாமே நெய்து தாமே விற்கின்றன.

துணிக்குப் பெயர் வந்ததும் போலிகளும் வந்தன. எனவே கோளமும் சிலுவையும் கொண்ட முத்திரை ஒன்று 1910-இல் பதிவு செய்யப்பட்டது. கையால் நூற்ற நூலே வேண்டும் என்பது தொடக்க கால விதி. 1934-இல் தீவு ஆலைகளின் நூலுக்கு இடமளித்தனர். ஆனால் நெசவு நெசவாளியின் வீட்டிலேயே நடைபெற வேண்டும் என்பதில் உறுதியாக நின்றனர். பின்னர்த் தீவுகளுக்கு வெளியே நூற்ற நூலைக் கொண்டு நெய்த துணிக்கும் அப்பெயர் பொருந்துமா என்று வழக்கு மூண்டது. பொருந்தாது என்று 1964-இல் எடின்பரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

அவ்விதியின் கடுமையை மட்டுமன்றி, அதன் உண்மையையும் நாம் மெச்சுகிறோம். கம்பளி முழுதும் தீவு ஆடுகளுடையது என்று அது கூறவில்லை. அத்தனை துணிக்கு அந்த ஆடுகள் போதா. கலப்பற்ற புதுக் கம்பளி என்று மட்டுமே கூறுகிறது. செய்வதைச் சொல்வதும், செய்யாததைச் சொல்லாதிருப்பதுமே வாணிப தருமம்.

எனினும் முத்திரை எல்லா இடரையும் தீர்த்துவிடவில்லை. 2006-இல் பெரிய ஆலை ஒன்று கைமாறியது. புதிய உரிமையாளர் ஆயிரக்கணக்கான துணி மாதிரிகளை நான்காகக் குறைத்தார். நெசவாளிகள் பலர் வேலையிழந்தனர். மறு ஆண்டு, மூடிக் கிடந்த வேறோர் ஆலை திறக்கப்பட்ட பின்னரே தொழில் தலையெடுத்தது. முத்திரை போலியைத் தடுக்கும். ஒரு முதலாளியின் விருப்பத்தை நம்பி வாழும் நிலையை மாற்றாது. அதனை மாற்றவல்லது கூட்டுறவே.

நம்மிடம் இரண்டும் உள்ளன. நூல் வாங்கவும் துணி விற்கவும் சங்கம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் உண்டு. இருந்தும் என்ன நடக்கிறது? ஓரிடத்தில் தணிக்கைக்குச் சென்றபோது, கைத்தறிப் போர்வைகள் என்று இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தவற்றைக் கண்டோம். அங்கத்தினர்களுக்கு வழங்கிய நூலைக் கணக்கிட்டால், அப்போர்வைகளில் பாதியைக்கூட நெய்திருக்க இயலாது. மீதம் விசைத்தறிச் சரக்கு. “பண்டிகைக்கால விற்பனைக்கு வேறு வழியில்லை” என்றார்கள். அதே ஊரில் அங்கத்தினர் வீடுகளில் தறிகள் நூலின்றி நின்றுகொண்டிருந்தன!

இக்குற்றத்தை வெளியார் எவரும் இழைக்கவில்லை. நம் முத்திரையை நாமே பொய்யாக்கினோம். ஆய்வாளர் ஆண்டில் சில நாட்களே வருவார். அங்கத்தினரோ என்றும் அங்கேயே இருப்பவர். ஆகவே அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து மூன்று கணக்குகளைக் கேட்க வேண்டும்: வழங்கிய நூல் எவ்வளவு? ஓடிய தறிகள் எத்தனை? முத்திரையிட்ட துணி எவ்வளவு? இம்மூன்றும் ஒத்துவந்தால்தான் சங்கத்தின் சொல்லை வாங்குவோர் நம்புவர். வீட்டுத் தறியும் ஓயாது ஓடும்.