வேலையை விட்டான், விலங்கு விட்டதா?

ஒருவன் தான் செய்துவந்த வேலையை விட்டு விலகுவது குற்றமா? நம் ஊரில் இக்கேள்வியைக் கேட்டால் குழந்தையும் நகைக்கும். கூலி போதவில்லை, விலகினான். முதலாளி இழிவாகப் பேசினான், விலகினான். தாய்க்கு நோய், விலகினான். விலகியவன் மறுநாட் காலையில் தன் வீட்டுத் திண்ணையில் உரிமையோடு அமர்ந்திருப்பான். அவன் அங்கே அமர எவனுடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. ஆனால், அதே தமிழன் அரபு நாடொன்றில் அதே முறையில் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினால், அவன் வேலையற்றவன் மட்டும் அல்லன்; அந்நாட்டில் இருக்கும் உரிமையும் அற்றவன்; பிடிபட்டால் காவலில் வைத்து நாடு கடத்தப்பட வேண்டியவன்! இத்தகைய கட்டுமானம் ஒன்றனுள் நம் இளைஞர்களை நாள்தோறும் வானூர்தி ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கின்றோம். அனுப்புகின்ற நாம், அதிலிருந்து வெளியேறும் வழியை அவர்களுக்கு ஒரு சொல்லாலேனும் சொல்லி அனுப்புகின்றோமா?

வளைகுடா நாடுகளில் வேலை செய்ய அயலானுக்கு இரண்டு இசைவுகள் வேண்டும். ஒன்று பணி இசைவு. மற்றொன்று, மக்கள் விசா என்று வழங்கும் நுழைவிசைவின் வழியே பெறும் உறைவிசைவு. இவ்விரு கயிறுகளும் ஒரே முளையில் கட்டப்பட்டுள்ளன. அம்முளை, வேலை தரும் முதலாளி. 'கபாலா' என்பது இம்முறைக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர். பொறுப்பேற்றல் என்பது அதன் பொருள். பெயர் நல்ல பெயரே! ஆனால் பொறுப்பேற்றவனின் கையிலேயே பூட்டும் திறவுகோலும் ஒருங்கே இருக்குமாயின், அதனைப் பொறுப்பு என்பதா, பிடி என்பதா?

தொழிலாளி விலகும்போது முதலாளி இரண்டு இசைவுகளையும் முறைப்படி நீக்கிக் கொடுத்தால், ஊர் திரும்பவோ வேறு வேலை தேடவோ அவனுக்குச் சில நாள்கள் கிடைக்கும். முதலாளி அதனைச் செய்யாமல், 'இவன் ஓடிப்போனான்' என்று அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஒன்றிய அரபு அமீரகத்தில் தொடர்ந்து ஏழு நாள்களுக்கு மேல் வேலைக்கு வாராதவன்மேல் இக்குற்றச்சாட்டைப் பதியலாம். நான்கு மாதக் கூலியை வைத்துக்கொண்டு கொடுக்காத முதலாளி நல்லவன். பசி பொறாமல் வெளியேறிய தொழிலாளி ஓடிப்போனவன்! ஏமாற்றப்பட்டவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க, ஏமாற்றியவன் முறையீட்டாளனாக எதிரில் நிற்கும் கொடுமையை வேறு என்னென்பது?

"சட்டம் அவ்வளவு கொடியது அன்று, இப்பொழுது எல்லாம் மாறிவிட்டது" என்று சொல்வார் உளர். மாறியுள்ளது என்பது உண்மையே. அதனை மறைப்பது நம் வழக்கம் அன்று. கத்தார், நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்னும் விதியை 2018-இல் பெரும்பாலார்க்கும், 2020 சனவரியில் வீட்டுவேலை செய்வார் உள்ளிட்ட பிறர்க்கும் நீக்கியது. அதே 2020-இல், வேலை மாறுதற்கு முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பதனையும் நீக்கியது. சவுதி நாடு 2021 மார்ச்சு 14 முதல் வேலை மாற்றத்திலும் வெளியேற்றத்திலும் தளர்வு தந்தது. ஆனால் வீட்டுவேலை செய்வாரை அதில் சேர்க்கவில்லை. யாருக்குப் பாதுகாப்பு மிகத் தேவையோ அவர்களையே கதவுக்கு வெளியே நிறுத்திய சீர்திருத்தம் அது! குவைத்தோ பின்னோக்கியே நடந்தது. 2025 சூலை முதல் நாளிலிருந்து, தனியார் துறையில் வேலை செய்யும் அயலார் நாட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் முதலாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்னும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே, கயிறு ஓரிடத்தில் நெகிழ்ந்தது கண்டு, எல்லா இடத்திலும் அறுந்துவிட்டதாக எண்ணுதல் பேதைமை.

நெகிழ்ந்த இடத்திலும் அந்நெகிழ்வு யாருக்குப் பயன்படுகின்றது? அறிந்தவனுக்கு மட்டுமே. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் 2022 பிப்பிரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, விலகுவோன் எழுத்தால் முன்னறிவிப்புத் தரவேண்டும். அக்காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் ஒப்பந்தத்தில் குறித்தவாறு இருக்கும். வேலை முடிந்த 14 நாள்களுக்குள் ஊதியமும் பிற நிலுவைகளும் தீர்க்கப்படல் வேண்டும். ஓராண்டு முடித்தவனுக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் ஊதியமும் கணக்கு. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்தல் கூடாது. இவையெல்லாம் அச்சட்டத்திலேயே உள்ளவை. நம் ஆள்களுள் இவற்றை அறிந்து வானூர்தி ஏறியவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

அறியாமையால் விளையும் கேட்டைப் பாருங்கள். பணி இசைவை நீக்கும்போது தொழிலாளியிடம் ஒரு தாளில் ஒப்பம் வாங்குவர். 'எனக்கு வரவேண்டியவை எல்லாம் வந்து சேர்ந்தன' என்பது அத்தாளின் சாரம். பணம் கைக்கு வருமுன் அதில் ஒப்பமிட்டவன் தன் கழுத்தில் தானே சுருக்கிட்டுக்கொண்டவன். வந்ததா வரவில்லையா என்று பின்னர்க் கேட்டால், 'நீயே வந்ததென்று எழுதித் தந்தாயே' என்பர். இது நிற்க, இசைவு நீக்கப்பட்ட நாளிலிருந்தே தங்கலுக்கான சலுகை நாள்கள் எண்ணப்படுகின்றன. முன்பு 30 நாளாக இருந்த அச்சலுகை 2022-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் சில வகையினர்க்கு 180 நாள்வரை நீண்டுள்ளது. தனக்கு எத்தனை நாள் என்று தன் நீக்கத் தாளைப் பார்த்து அறியாதவன் ஒவ்வொரு நாளும் 50 திர்கம் தண்டத்துக்கு ஆளாகின்றான். ஓராண்டு கடந்தால் 18,250 திர்கம். மாதம் ஆயிரம் திர்கம் ஈட்டும் ஒருவனுக்கு இஃது ஒன்றரை ஆண்டு உழைப்புக்கும் மேல்! கடன் தீர்க்கப் போனவன் கடனாளியாக நிற்கின்றான்.

"படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டியதுதானே?" என்று கேட்கும் அறிவாளிகளுக்கு ஒரு செய்தி. எந்த மொழியில் படிப்பது? அமீரக அரசு 2016 சனவரி முதல், வேலை வழங்கல் மடலை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மூன்றாம் மொழி ஒன்றிலும் தரவேண்டும் என்று விதித்தது. அதற்கென அது வகுத்த மொழிகளுள் தமிழும் ஒன்று! ஆம்; பாலைநிலத்து அரசு ஒன்று, தமிழனுக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று எண்ணியது. அம்மடலை இங்கே, தமிழ்மண்ணிலேயே, தமிழனாகிய முகவன் தமிழனுக்குக் கொடுக்காமல், ஆங்கிலத் தாளை நீட்டி, 'இங்கே ஒப்பமிடு. நேரமாகிறது' என்கின்றானே, இந்த இழிவை எங்குப் போய்ச் சொல்வது? தாய்மொழியில் அறியும் உரிமை மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதா? ஏழையின் ஒப்பந்தத்தில் எழுதப்படுவதற்கும் உரியது அன்றோ?

முகவனின் கொள்ளைக்கும் விலகலின் துன்பத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 உருபாவும் அதற்குரிய வரியுமே. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வோர் உருபாவும் திருட்டு. நகையை அடகு வைத்தும் நிலத்தை ஈடு வைத்தும் அத்திருட்டுக்குத் தீனி போட்டவன், கூலி வாராத வேலையைக்கூட விடத் துணிவதில்லை. துணிவு வரும்போதோ, முறைப்படி விலகுதற்கான பொறுமையும் கையிருப்பும் அவனிடம் இரா. அதனாலேயே ஓரிரவில் வெளியேறுகின்றான். ஓடிப்போனவன் என்னும் பட்டத்தைச் சுமக்கின்றான்.

பின்னர் வருகின்றது பொதுமன்னிப்பு! அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் திசம்பர் 31 வரை அத்தகைய வாய்ப்பை அளித்தது. குவைத்தும் அதே ஆண்டில் அளித்தது. தண்டமின்றி ஊர் திரும்ப வழி கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்று கேட்போம். மன்னிப்பு என்பது தவறு செய்தவனுக்குத் தருவது. கூலி கேட்டவன் என்ன தவறு செய்தான்? அவனை மன்னித்து அனுப்பியபோது அவன் கூலியையும் கையில் கொடுத்தா அனுப்பினார்கள்?

அரபு மக்கள்மேல் நமக்குப் பகையில்லை. அவர்கள் நாட்டின் சட்டத்தை அவர்களே திருத்த வேண்டும். ஆனால் நம் வாயிலில் செய்யவேண்டியதை நாம் செய்தோமா? கடவுச்சீட்டு எக்காலும் இந்திய அரசின் உடைமை என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. தன் உடைமையை அயல்நாட்டு முதலாளி இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பதை அறிந்தும் வாளா இருக்கும் அரசு, அதன் உரிமையாளன் என்று சொல்லிக்கொள்ள நாண வேண்டாவா? தமிழக அரசு 2022 முதல் சனவரி 12-ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகின்றது. கொண்டாட்டம் நன்று. அம்மேடையில் பொன்னாடை போர்த்தப்படுவோர் வென்று வந்தவர்கள். தோற்றுத் திரும்பியவனுக்கு அம்மேடையில் ஒரு மணைப்பலகையேனும் உண்டா?

நாம் கேட்பவை மூன்று. தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தம் கையில் இல்லாத எவரையும் முகவர் அனுப்புதல் கூடாது. அனுப்பினால் அவர் உரிமம் பறிக்கப்படல் வேண்டும். புறப்படுமுன் தரும் பயிற்சியில், வேலையில் சேரும் முறையோடு வேலையை விட்டு விலகும் முறையும் தமிழில் கற்பிக்கப்படல் வேண்டும். ஓடிப்போனான் என்று பொய்க்குற்றம் சாற்றப்பட்டவனுக்காகத் தூதரகமே தமிழறிந்த வழக்கறிஞரை அமர்த்தி வாதாட வேண்டும்.

அரசுகள் செய்யும்வரை நாம் காத்திருத்தல் இயலாது. தமிழ் அன்பர்களே! உங்கள் தெருவிலிருந்து ஒருவன் புறப்படுகின்றான் எனில், அவனிடம் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்: ஒப்பந்தத்தின் படி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போ. விலகுவதாயின் எழுத்தால் அறிவி. அறிவித்ததற்குச் சான்று வை. கூலி வாராவிடின் ஓடாதே. ஏழு நாள் கடக்குமுன் தொழில்துறையில் முறையீட்டைப் பதிவு செய். பணம் எண்ணிக் கைக்கொள்ளுமுன் பெற்றேன் என்று ஒப்பமிடாதே. இசைவு நீங்கிய நாளைக் குறித்து வை. சலுகை நாளை விரல்விட்டு எண்ணு.

இவ்வைந்தும் ஐந்து நிமையத்தில் சொல்லக்கூடியவை. சொல்லாமையால் கெடும் ஆண்டுகளோ பல. வழியனுப்பும்போது மாலை இடும் கைகள் இனி இதனை எழுதிய தாள் ஒன்றையும் அவன் கையில் இடுக! நம் பிள்ளை உழைக்கப் போகட்டும்; எவன் முளையிலும் கட்டுண்டு கிடக்கப் போகவேண்டா!